ஒரு சாணும் நாலு விரலும்

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூட்டு வலித்து, உட்கார்ந்தால் எழ யோசித்து, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்து நிற்கிறவர்கள் நாம். ஒரு கல் ஒரு சாண் தூரம் நகர்ந்த கதையைக் கேட்க நமக்குத்தான் பொறுமை இருக்கும். ஒரே மூச்சில் சொல்ல எனக்கும் தெம்பில்லை. விட்டு விட்டுத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ஆள் எதிரே பேச எனக்கு வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எழுதும்போது எதிரே முகம் இல்லை, அதனால் முடிகிறது.

வெள்ளைக்காரன் போவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர். நாடு என்றால் எங்களுக்குச் சில ஊர்கள் சேர்ந்தது. எனக்கு ஒன்பது வயசு. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் கால் வைத்தால் நடந்தே ஏற வேண்டும். உப்பு, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாக வரும். மிளகும் பலாவும் தலைச்சுமையாகப் போகும். என் அய்யன், அதாவது அப்பா, அப்படிச் சுமை தூக்குகிறவர். சாமை விதைத்தது போக மிச்ச நாளெல்லாம் அவர் தலையில் யாருடைய மூட்டையாவது இருக்கும்.

எங்கள் காடும் பெரியப்பன் காடும் பக்கம் பக்கம். காடு என்றால் விதைக்கிற நிலம். ஒரே வரப்பு, நடுவில் ஒரு எல்லைக்கல். அய்யனுக்கு அண்ணன்தான் எல்லாம். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் பெரியப்பன். இருவருக்கும் கல்யாணம் ஆனதும் பாகம் பிரிந்தார்கள். சண்டை போட்டுப் பிரியவில்லை. அடுப்பு இரண்டானால் காடும் இரண்டாக வேண்டும் என்று பிரிந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. அதுவரை எல்லோருக்கும் களி கிண்டிய பானையை ஊர் முன்னால் உடைப்பார்கள். வாய் விளிம்பில் இரண்டு ஓடு எடுப்பார்கள், ஒன்றோடு ஒன்று பொருந்துகிற மாதிரி. ஒன்றைக் குழியில் போட்டு அதற்கு மேல் எல்லைக்கல்லை நடுவார்கள். மற்றது மூத்தவர் வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். பின்னால் கல்லின் மேல் சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்க்க வேண்டும். ஓடு கல்லுக்கு நேர் கீழே இருந்தால் கல் நகரவில்லை. யாராவது வேறு ஓட்டைப் புதைத்து ஏமாற்ற முடியாது, எரவாணத்து ஓடு காட்டிக் கொடுத்துவிடும். பத்திரம், பட்டா எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஓடுதான் பத்திரம்.

அந்தக் கல்லை ஒட்டி, எங்கள் பக்கத்தில் ஒரு பலாமரம். கல் நட்டபோது அது இடுப்பு உயரக் கன்றாம். எனக்கு விவரம் தெரியும்போது ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அதன் வேர் ஒன்று மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மண்ணை விட்டுப் புடைத்து வெளியே வந்திருந்தது. வழவழவென்று, எருமை முதுகு மாதிரி. அதுதான் என் இடம். வேரின் மேல் உட்கார்ந்து கல்லில் முதுகைச் சாய்த்தால் வழியில் போகிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன். பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கிளி விரட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க அங்கேயே கிடப்பேன். பழுத்த பலா வாசனையும் ஈயும், காலடியில் ஈரச் சருகும். அட்டை ஏறினால் உப்புத் தடவிக்கொள்வேன்.

நாலைந்து வயசில் கல் என் முதுகில் நேராக இருந்தது. ஒன்பது வயசில் அது பின்னால் சாய்ந்து, ஈஸிச்சேர் மாதிரி சுகமாக இருந்தது. நான் வளர்ந்ததால் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பலா பழுக்கும் மாசத்தில்தான் கல்லுத் துரை வந்தார்.

சர்க்கார் அனுப்பிய ஆள். மலை எந்தக் கல்லால் ஆனது என்று பார்க்கிற உத்தியோகம். துரை என்றதும் வெள்ளையாக வருவார் என்று ஊரே வழியில் நின்றது. வந்தவர் பட்டணத்துத் தமிழர், அரை டவுசரும் தொப்பியும். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொரைங்கறாங்க, நம்மளாட்டக் கருப்பால்ல இருக்குது?" என்றாள் என் ஆத்தா.

"வெய்யில்ல அலைஞ்சு கறுத்திருக்கும், பாவம்" என்றார் அய்யன்.

அய்யன்தான் அவருக்குச் சுமை தூக்கினார், வழி காட்டினார். சுமை என்றால் கல்தான். துரை சின்னச் சுத்தியலால் பாறையைத் தட்டுவார், கைப்பிடி அளவு சில்லு எடுப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். தட்டிய கல்லில் கருகிய மயிர் வாசனை அடிக்கும். ஒவ்வொரு சில்லுக்கும் நம்பர் எழுதி, துணியில் சுற்றி, சாக்கில் போடுவார். "கல்லுக்குப் பஞ்சம் வந்த சீமைபோல இருக்குது" என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். அவரிடம் ஒரு காந்தம் இருந்தது. எங்கள் மலையில் சில கல் அதில் ஒட்டிக்கொள்ளும். திசை பார்க்கிற டப்பாவின் முள், அந்தப் பாறைகளிடம் போனால் சாமி வந்த மாதிரி ஆடும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கவே பின்னால் போவோம். நான் எல்லோருக்கும் பின்னால்.

ஒருநாள் மத்தியானம் எங்கள் காட்டில் பாறை நிழலில் அவரும் அய்யனும் உட்கார்ந்து களி தின்றார்கள். மோர்ச் சட்டியோடு நான் நின்றேன். பேச்சு எப்படியோ எல்லைக்கல்லுக்கு வந்தது. அய்யன் பானை உடைக்கிற முறையைச் சொன்னார். துரை வாயில் போட்ட களியை விழுங்காமல் கேட்டார்.

"அப்போ ரெண்டு ஓடும் பொருந்தினா ஒரே பானைன்னு அர்த்தம்?"

"ஆமாங்க சாமி."

"எவ்வளவு தூரத்துல கிடந்தாலும்?"

"தூரத்துக்கென்னங்க. பானை ஒண்ணுதானுங்களே."

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். குச்சியால் மண்ணில் வரைந்தார். இது நம் தேசம், இது கடல், கடலுக்கு அந்தப்பக்கம் ஆப்பிரிக்கா, கீழே ஆளே இல்லாத பனித் தேசம் என்றார். உங்கள் மலையில் கிடக்கிற இதே கல் அங்கேயும் கிடக்கிறது. கரையோரங்களை ஒட்டிப் பார்த்தால் விளிம்பு விளிம்போடு உட்காருகிறது. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து, உடைந்து, விலகிப் போனது. இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்றார்.

அய்யன் குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பூமியையும் ஆரோ அண்ணந்தம்பி பாகம் பிரிச்சிருக்கறாங்க" என்றார்.

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"கல்லு நடாம உட்டுட்டாங்களாட்ட இருக்குது. அதானுங்க நகந்து போயிருச்சு."

துரை சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. அப்புறம் முகம் மாறிச் சொன்னார்: "இதை எங்க ஆபீஸ்ல சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. நிலம் எப்படிய்யா நகரும், வேலையைப் பாருங்கறாங்க. நீ ஒருத்தன்தான் சிரிக்கல."

அய்யனிடம் அதற்கு முன்னால் படித்தவர் யாரும் அப்படிப் பேசினதில்லை. மூட்டையை எங்கே இறக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் இரண்டு தோசைக்கல் அளவுக்குக் கையை விரித்து விரித்துச் சொன்னார். ஆத்தா, "நகந்தா நகந்துட்டுப் போவுது, மொதல்ல கையைக் கழுவுங்க" என்றாள்.

அடுத்த இரண்டு நாள் துரைக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போய்விட்டது. வேலைக்குப் போகாமல் எங்கள் மரத்தடியில் வந்து சுருண்டு உட்கார்ந்தார். நான் என் இடத்தில் ஒளிந்திருந்தேன். ஓடவும் வழியில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு வேரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். குனிந்து வேருக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"உன் நாற்காலி கல்லைத் தள்ளுது பாரு, பாப்பா" என்றார். "இன்னும் பத்து வருஷத்துல உங்க பெரியப்பா காட்டுல போய் உட்கார்ந்திருப்பே. கண்ணுக்குத் தெரியாமப் போறதுதான் ரொம்ப தூரம் போகும்."

அவருக்கு அது விளையாட்டு. சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். வேர் தள்ளுகிறது என்று அவர் சொன்னதை, நான் தள்ளுகிறேன் என்றுதான் என் புத்தி எடுத்துக்கொண்டது. நான்தானே தினமும் முதுகைப் போட்டுச் சாய்கிறேன். எல்லைக்கல்லைக் காலால் தொட்டாலே குற்றம் என்று ஆத்தா சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து நான் அங்கே உட்காரவில்லை.

துரை கிளம்புவதற்கு முதல்நாள் எங்கள் எல்லைக்கல்லிலிருந்து பெரியப்பன் காட்டுப் பாறை வரைக்கும் நாடா பிடித்து அளந்தார். ஒரு நுனியை அய்யன் பிடித்தார். அளக்கத் தொடங்கிய இடம் தெரிய வேண்டுமே என்று கல்லின் தலையில் வெள்ளைப் பூச்சில் ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் காலை அய்யன் கல் மூட்டையோடு துரைக்குப் பின்னால் காரவள்ளிக்கு இறங்கிப் போனார். திரும்ப நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளில் பெரியப்பன் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். சர்க்கார் ஆள் ஏன் என் காட்டை அளந்தான், தம்பி ஏன் நாடா பிடித்தான், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசிக்க யோசிக்க அவருக்குக் கல் வேறு இடத்தில் நிற்கிற மாதிரி தோன்றியிருக்கிறது. தோன்றியதும் தப்பில்லையே, வேறு இடத்தில்தானே நின்றது. அவர் நேரே, ஊருக்கு நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டரிடம் போய்விட்டார். இப்போது நினைத்தால், அண்ணனிடம் சொல்லிவிட்டு நாடா பிடித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அய்யனுக்கு அது தோன்றவில்லை. அண்ணன் காடும் அவருக்குத் தன் காடு மாதிரிதான்.

அய்யன் ஏறி வந்து முகம் கழுவுவதற்குள் ஊர் எங்கள் பலாமரத்தடியில் கூடிவிட்டது. பொழுது உச்சிக்கு வரவில்லை. முதலில் கல்லைப் பிடுங்கிப் படுக்க வைத்தார்கள். அது நின்ற குழியில் முழங்கை ஆழம் தோண்டினார்கள். ஓடு இல்லை. பெண்கள் பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. மரத்துப் பக்கமாகத் தோண்டச் சொன்னார் ஊர்க்கவுண்டர். கடப்பாரை என் வேரில் போய் இடித்தது.

"வேரு மறிக்குதுங்க."

"பலான்னா வேரு இருக்கத்தான் செய்யும். வெட்டிப் போட்டுட்டுத் தோண்டு."

இரண்டு பேர் கோடாலி போட்டார்கள். நான் உட்கார்ந்து வழவழப்பாக்கிய இடத்திலேயே முதல் வெட்டு விழுந்தது. வெள்ளைப் பால் வழிந்து மண்ணில் கட்டிக்கொண்டது. என் தொடையை விடத் தடிமன் அந்த வேர். தூக்கி வரப்பில் எறிந்தார்கள். அது கிடந்த தடத்துக்கு நேர் கீழே ஓடு இருந்தது. பெரியப்பன் எரவாணத்து ஓட்டை மடியிலிருந்து எடுத்து அதோடு வைத்தார். பல்லோடு பல் கடித்த மாதிரி உட்கார்ந்தது.

நினைத்துப் பாருங்கள். அத்தனை பேர் கண் முன்னால் வேரும் இருந்தது, ஓடும் இருந்தது, கல்லும் இருந்தது. சாட்சியை வெட்டி வரப்பில் எறிந்துவிட்டுச் சாட்சி தேடினோம்.

ஊர்க்கவுண்டர் கையை விரித்து அளந்தார். "ஒரு சாணும் நாலு வெரலும். ஏண்டா, கல்லுக்குக் காலு மொளைச்சுதா?"

"நான் தொடலீங்க" என்றார் அய்யன்.

"அப்ப ஆரு தொட்டது? உன்ற அண்ணன் தன்ற காட்டையே உனக்குத் தள்ளிக் குடுத்தானா?"

அய்யன் பெரியப்பனைப் பார்த்தார். பெரியப்பன் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அய்யன் அதைச் சொன்னார். எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது, அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார்.

"கல்லு நகரலீங்க. பூமி நகந்திருக்கும். பூமி நகருதுங்க. கல்லுத் தொரை சொன்னாரு."

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு கிளம்பியது.

"பூமி நகந்தா உன்ற பக்கம் மட்டும் எப்படிடா பெருகுது?"

"எங்க ஊடும் நகந்து ஆத்தோரமாப் போயிருந்தா தண்ணி சொமக்கறது மிச்சமுங்க!"

"தொரையும் நீயும் நாடா புடிச்சதை ஊரே பாத்துது. பூமியவா அளந்தீங்க?"

அய்யன், "படிச்சவருங்க அவரு, கேட்டுப் பாருங்க" என்றார். துரை அந்நேரம் எந்த ரயிலில் போய்க்கொண்டிருந்தாரோ. அய்யனிடம் இருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோவதை நான் ஆத்தா முந்தானைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வரப்பில் வேர் கிடந்தது. எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் திறந்தது. ஊர்க்கவுண்டர் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன் அவர். சத்தத்தை எல்லாம் கையமர்த்தி நிறுத்தினார்.

"என்ன கண்ணு? என்னமோ சொல்ல வாரயே, சொல்லு சாமி."

அத்தனை முகமும் திரும்பியது. வேர் என்று சொன்னால் அந்த வேரில் யார் உட்கார்ந்தது என்று கேட்பார்கள். கல்லில் சாய்ந்தது யார் என்று கேட்பார்கள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"மரம் நிக்கும், கல்லு நிக்கும். மனுசன் கையிதான் சும்மா நிக்காது" என்றார் ஊர்க்கவுண்டர். அதோடு முடிந்தது.

கல் நகர்த்தினவன் கல்லுக்குப் பக்கத்து மரத்தையும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது முறை. மரம் பெரியப்பனுக்குப் போனது. நகர்த்தின கல்லைத் தலையில் வைத்து ஊரை மூன்று சுற்று வர வேண்டும் என்பதும் முறை. அய்யன் தலையில் சும்மாட்டைச் சுற்றினார், தினமும் சுற்றுகிற மாதிரியே. யாரோ தூக்கி வைத்தார்கள். இரண்டாம் சுற்றில் ஊர்க்கவுண்டரே, "எறக்கி வச்சு மூச்சு வாங்கிக்கப்பா" என்றார். அய்யன் நிற்கவில்லை. பெரியப்பன் பின்னாலேயே நடக்க வேண்டும், அதுவும் முறை. தம்பி விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி அவர் கை முன்னால் நீண்டு நீண்டு மடங்கியதை நான் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி வெயிலில் தெரிந்தது. அப்புறம் கல்லை மரத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் காட்டு ஓரத்தில், அடிமரத்தை ஒட்டியே நட்டார்கள். ஊர் பார்க்க ஒரு புதுப் பானையை உடைத்து, அந்த ஓட்டைக் கீழே போட்டார்கள்.

மரம் போனதற்காக அய்யன் கவலைப்படவில்லை. கல் சுமந்தவன் சொல் ஊரில் எடுபடாது. கல்யாணத்துக்குப் பேச்சு எடுக்கக் கூப்பிட மாட்டார்கள், சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். மழை வரும் என்று அவர் சொன்னால், "பூமி நகந்து வருதா?" என்று கேட்பார்கள். அதுதான் அவரை அரித்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் பேசாத ஆள் நான் ஒருத்தி இருந்தேன். இரண்டு பேர் ஆனோம்.

துரை விட்டுப்போன அறுந்த துணி நாடா ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. நுனியில் பித்தளை வளையம், மஞ்சள் நிறம், கறுப்புக் கோடு. எங்கள் காட்டுக்குள், வீட்டு வாசலை ஒட்டி, சாமை குத்துகிற உரல்குழிப் பாறை ஒன்று உண்டு. புது எல்லைக்கல்லிலிருந்து ஒரு நாடா தூரம்கூட இருக்காது. அமாவாசைக்கு அமாவாசை, பொழுது கிளம்பியதும், அய்யன் குழி விளிம்பில் வளையத்தை என்னைப் பிடிக்கச் சொல்லி, கல் வரைக்கும் அளப்பார். பூமி நகர்ந்தால் பாறையும் சேர்ந்துதானே போகும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், நூல் அளவும் மாறவில்லை. "மெதுவாத்தான் நகரும்னாரு" என்பார். நாடாவைச் சுருட்டி எரவாணத்தில் வைப்பார். வழியில் போகிறவர்கள், "என்ன, இன்னைக்கு எந்தூருக்குப் போயிருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு அமாவாசையும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நினைப்பேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வது. அப்படியே வருஷம் ஓடிற்று.

பதினைந்து வயசில் என்னை மலையிலேயே பைல் நாட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மறுவருஷம் நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, வந்திருந்தேன். காலையில் பெரியப்பன் எங்கள் வாசலுக்கு வந்தார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அய்யன் உரல்குழிப் பாறையில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"தம்பி, நீ இன்னும் அளக்கறயாமா?"

"ஆமாண்ணா."

"என்ன சொல்லுது?"

"ரெண்டு வெரலு இக்கட்டால வந்திருக்குது. எங்க பக்கம்."

பெரியப்பன் முகம் சுண்டிப்போனது. அவரும் பார்த்திருக்கிறார் போல. இப்போது பிடுங்கித் தோண்டினால் ஓடு கல்லுக்கு நேர் கீழே இருக்காது. தம்பி ஊரைக் கூட்டினால் கல் ஏறப் போவது அவர் தலையில்.

"நான் தொடலடா" என்றார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அய்யன் சொன்ன அதே வார்த்தை. சொன்னதும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தெரியுமுண்ணா" என்றார் அய்யன். "பூமி நகருது."

"நெசமாவே நகருதா?"

"அன்னைக்கே சொன்னேன்."

பெரியப்பன் கல் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஊரக் கூட்டு. நானும் கல்லைச் சொமக்கறேன்" என்றார்.

"உனக்கு இடுப்பு ஆவாதுண்ணா. அதுவுமில்லாம ஊரைக் கூட்டறதுக்குள்ள இன்னொரு வெரலு போயிரும்."

அய்யன் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன். துரை மண்ணில் கோடு கிழித்தபோது இருந்த முகம். மரம் பருத்துத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியும். அடிமரம் கல்லை முட்டிக்கொண்டு நின்றதை நான் அங்கிருந்தே பார்த்தேன். இப்போது எனக்குப் பயமும் இல்லை, பதினாறு வயசு, புருஷன் வீட்டுக்காரி. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேர் பேரும் சுத்தமாகும். ஆனால் அய்யன் கையில் இருந்தது அந்த ஒன்றுதான், பூமி நகர்கிறது என்பது. ஏழு வருஷம் அதை வைத்துத்தான் அவர் உயிரோடு இருந்தார். அதையும் பிடுங்கி வரப்பில் எறிய எனக்கு மனசு வரவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு நுனி அண்ணன், ஒரு நுனி தம்பி. "இழுத்துப் புடிடா, தொங்குது" என்றார் பெரியப்பன்.

அதற்குப் பிறகு ஊரில் பெரியப்பனும், பூமி நகருது என்று சொல்ல ஆரம்பித்தார். ஊர் இரண்டு பேரையும் சேர்த்துச் சிரித்தது. பாதிச் சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டார். அவரால் முடிந்தது அது. மரத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். அய்யன், "அங்கயே நிக்கட்டும், அது எப்ப எங்க போவுமோ" என்று விட்டுவிட்டார். அடுத்த வருஷம் வெள்ளைக்காரன் போனான் என்று சொன்னார்கள். எங்கள் அமாவாசைக் கணக்கில் அதனால் ஒன்றும் மாறவில்லை.

பெரியப்பன் போய், அய்யன் போய், மரமும் ஒரு புயலில் போனது. நாடா எந்த மழையில் இற்றதோ. பித்தளை வளையம் மட்டும் கொஞ்சகாலம் என் சாவிக்கொத்தில் கிடந்தது. அதுவும் பஸ்ஸில் எங்கோ தொலைந்தது. ஒருநாள் மிளகு புடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஒருவர் பேசினார். கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்து பிரிந்தன, நம் தேசம் தெற்கிலிருந்து வந்து வடக்கே முட்டியது, இன்னும் நகர்கிறது, நகம் வளர்கிற வேகம்தான் என்றார். சர்வசாதாரணமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் நகத்தைப் பார்த்தேன். மிளகுத்தூள் ஏறிக் கறுத்திருந்தது.

அய்யன் சொன்னது சரி. எங்கள் கல்லைத் தள்ளினது மட்டும் வேறு.

இதில் ஒரு பேரும் எழுதவில்லை. எழுதினால் பேரர்கள் வருத்தப்படுவார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் இப்போது இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். ராத்திரியில் தூக்கம் வராது, உங்களுக்கும் வராது என்று தெரியும். விடியக்காலை கண் அயரும்போது அந்த நல்ல மனுஷன் எல்லோரையும் கையமர்த்துவார். சத்தம் அடங்கும். வரப்பில் பால் கட்டிப்போய் அது கிடக்கும். "என்ன கண்ணு?" என்று கேட்பார்.

வேருங்க. பலா வேருங்க.